ஓர் எழுத்து மாறிய அரிசி: வேக்ஸி மரபணு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சமையலறை மேடையில் மூன்று வெள்ளைத் தட்டுகள். முதல் தட்டில் வீட்டில் தினமும் வடிக்கும் பொன்னிப் பச்சரிசி. இரண்டாவதில் ஜப்பானின் கோஷிஹிகாரி. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்து கொடுத்த சிறு பை. மூன்றாவதில் தாய்லாந்து ஒட்டரிசி. ஒவ்வொன்றிலும் பத்து மணி எடுத்து, பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகம் மேலே தெரியும்படி அடுக்கினேன். டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து, இளம் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, மணிக்கு ஒரு சொட்டு விட்டேன்.

பொன்னி சற்று நேரத்தில் நாவற்பழத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. கோஷிஹிகாரியும் அப்படித்தான். ஒட்டரிசி மட்டும் நீலத்தின் பக்கமே போகவில்லை. காவிக்கல்லை இழைத்துப் பூசியது போலச் செம்பழுப்பாக நின்றது.

அதே மூன்றையும் மறுநாள் சமைத்தோம். பொன்னி உதிரியாக வந்தது, குழம்பை ஊற்றினால் பருக்கைகளுக்கு இடையே இறங்கியது. கோஷிஹிகாரி கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, மினுமினுப்பாக, குச்சியால் எடுக்க வாகாக இருந்தது. ஒட்டரிசியை இரவே ஊறவைத்து ஆவியில் வேகவைத்தோம்; கையால் கிள்ளி உருட்டினால் உருண்டை அப்படியே நின்றது. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் மக்கள் அன்றாடம் அப்படித்தான் கிள்ளி உருட்டித் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

அயோடின் இரண்டு விடை சொன்னது. சோறு மூன்று விடை சொன்னது. இந்த இடைவெளிதான் நெல் ஆராய்ச்சியில் ஒரு பெரிய புதிராக இருந்தது. அது அவிழ்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். மரபணு என்றால் நோய், மரபணு என்றால் ஆய்வகம் என்று பழகிவிட்ட நமக்கு, தட்டில் இருக்கும் சோற்றின் பதத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பால் பிடிக்கும் நேரத்தில் நடப்பது

கதிர் பூத்து முடிந்ததும் மணிக்குள் பால் பிடிக்கத் தொடங்குகிறது. அந்தப் பருவத்தில் ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வரும் என்பது வயலில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். இலையில் உண்டான சர்க்கரை அந்த மணிக்குள் இறங்கி மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருக்கும் கட்டம் அது. தீட்டிய அரிசியின் உலர் எடையில் சுமார் 90% மாவுச்சத்துதான். அதனால் அரிசியின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மாவுச்சத்தின் குணம்.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. கிளை கிளையாகப் பிரிந்து புதர் போல வளர்வது அமைலோபெக்டின். பெரும்பாலும் கிளையின்றி நீளமாகப் போவது அமைலோஸ். அயோடின் அந்த நீளச் சங்கிலியின் சுருளுக்குள் போய் உட்காரும்போதுதான் நீலம் வருகிறது. அமைலோபெக்டினின் குட்டைக் கிளைகளில் அப்படி உட்கார இடமில்லை; நிறம் செம்பழுப்போடு நின்றுவிடும்.

அமைலோபெக்டினைக் கட்ட ஒரு கூட்டமே வேலை செய்கிறது. சங்கிலியை நீட்டும் நொதிகள், கிளை போடும் நொதிகள், தப்பாக முளைத்த கிளையை வெட்டும் நொதிகள் என்று பல. ஆனால் அரிசி மணிக்குள் அமைலோஸ் உண்டாக்குவது ஒரே ஒரு நொதி. அது மாவு மணியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் மாவுச்சத்து ஆக்கி. அதற்கான குறிப்பு 6-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவின் பெயர் வேக்ஸி.

மெழுகுத்தன்மை என்று பொருள்படும் இந்தப் பெயர் நெல்லில் பிறந்ததல்ல. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு மக்காச்சோளத்தின் மணியை வெட்டினால் உள்ளே மெழுகு போல இருந்தது. 1909-ல் காலின்ஸ் என்பவர் அதை விவரித்தார். அங்கிருந்து வந்த பெயர் நெல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. நெல்லில் பார்த்தால் ஒட்டரிசி மணி மெழுகாக இருக்காது, பால் வெள்ளையாக இருக்கும். அறுவடையான புதிதில் ஈரத்தோடு இருக்கும்போது மற்ற அரிசி போலவே கண்ணாடித்தன்மையோடுதான் இருக்கிறது. காயக் காய உள்ளே நுண்ணிய காற்று இடைவெளிகள் விழுந்து வெள்ளை பூக்கிறது. இன்னொன்று: ஆங்கிலத்தில் ஒட்டரிசிக்கு வழங்கும் பெயரைக் கேட்டுவிட்டு அதில் கோதுமையின் குளூட்டன் இருக்கிறது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை, ஒரு துளியும் இல்லை.

அமைலோஸின் குணத்தைப் புரிந்துகொள்ளப் பழைய சோற்றை நினைத்தால் போதும். சூட்டில் பிரிந்து கிடக்கும் நீளச் சங்கிலிகள், சோறு ஆறியதும் ஒன்றோடொன்று வரிசையாகச் சேர்ந்து இறுகிக்கொள்கின்றன. அதனால் அமைலோஸ் கூடினால் சோறு உதிரியாக இருக்கும், நன்றாக விரியும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் மெத்தென்று ஒட்டும், ஆறினாலும் அதிகம் விறைக்காது. ஆய்வகங்களில் வழக்கமாக இப்படி வகுக்கிறார்கள்: 2%-க்குள் இருந்தால் ஒட்டரிசி, 20%-க்குக் கீழே குறைந்த அமைலோஸ், 20 முதல் 25% வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்ந்த அமைலோஸ்.

புது அரிசி குழைகிறது, பழைய அரிசி உதிரியாக வருகிறது என்பது வேறு கதை. அது சேமிப்பில் அரிசிக்கு வரும் மாற்றம். அதே ரகம், அதே மரபணு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'போன மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப ரகத்தையே மாத்திட்டான்' என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கடைக்காரர் மாற்றியது மூட்டையின் வயதை.

கோயம்புத்தூரில் ஒரு மகரந்தம்

ஒட்டும், ஒட்டாது என்ற இரண்டு விடைப் பகுதி சீக்கிரமே தெளிவானது. அதில் நம் ஊருக்கு நேரான பங்கு உண்டு, அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் 1912-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த பார்னெல், ஒட்டரிசியையும் சாதா அரிசியையும் கலப்பு செய்த செடியின் மகரந்தத்தை அயோடினில் போட்டுப் பார்த்தார். ஒரே செடியின் மகரந்தத் தூளில் ஏறக்குறைய பாதி நீலம், பாதி செம்பழுப்பு. மெண்டல் பட்டாணியைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, எண்ணி, கணக்குப் போட்டுச் சொன்னதை, விதைக்காமலேயே ஒரு நுண்ணோக்கியில் நேராகப் பார்த்துவிடலாம். 1921-ல் அவர் அதை வெளியிட்டார். மக்காச்சோளத்தில் இதே காட்சி பதிவானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

பார்னெலின் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் ஜி.ஈ.பி. கிச்சிலி சம்பா என்று நம் மக்கள் கொண்டாடிய ஜி.ஈ.பி. 24 ரகத்தின் பெயரில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. அந்த ஜி.ஈ.பி. 24 பின்னாளில் ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204-க்கு, அதாவது சம்பா மசூரிக்கு, மூதாதைகளில் ஒன்றானது.

சரி, ஒட்டரிசியில் மரபணு கெட்டுப்போய்விட்டது, அதனால் அமைலோஸ் இல்லை. இதுவரை புரிகிறது. கோஷிஹிகாரியில் அது கெடவில்லையே. நீலம் வருகிறதே. பிறகு ஏன் அது, இந்தியாவில் மிகுதியாக விளையும் இண்டிகா வகை அரிசி போல உதிரியாக வரவில்லை?

நொதி ஒன்றுதான், அளவு வேறு

ஜப்பானின் மிஷிமாவில் உள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில் யோஷியோ சானோ இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். இண்டிகாவிலும், கோஷிஹிகாரி சேர்ந்த வகையான ஜப்பானிகாவிலும் அந்த நொதிப் புரதத்தை அளந்து பார்த்து 1984-ல் வெளியிட்டார். வேலை செய்யும் வேக்ஸி மரபணுவிலேயே இரண்டு வடிவங்கள் இருந்தன. இண்டிகாவில் மிகுதியாகக் காணப்படுவதை ஏ என்றும், ஜப்பானிகாவில் காணப்படுவதை பி என்றும் பெயரிட்டார்கள். ஏ வடிவம் உண்டாக்கும் புரதம், பி வடிவத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு.

இந்த இடத்தில்தான் எண்ணம் திரும்ப வேண்டியிருந்தது. மரபணு என்றால் இருக்கும் அல்லது கெட்டிருக்கும் என்பது அதுவரை சௌகரியமாக இருந்த கணக்கு. இங்கே கிடைத்தது ஒரு மடை. ஏரி மடையில் மூடுவதும் திறப்பதும் மட்டும் வேலையில்லை. எத்தனை விரல் திறப்பது என்பதில்தான் கடைமடைக்காரனின் பிழைப்பு இருக்கிறது. இண்டிகாவில் மடை முழுக்கத் திறந்திருக்கிறது, ஜப்பானிகாவில் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஒட்டரிசியில் மூடியிருக்கிறது. அப்படியானால் ஜப்பானிகாவில் அதைப் பாதியில் நிறுத்தியது எது?

1990-ல் ஷாங்காய் தாவர உடலியல் நிறுவனத்தில் ஹோங் மெங்மின் குழு நெல்லின் வேக்ஸி மரபணுவை முழுதாகப் பிரித்தெடுத்து, ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்துகளில் அமைந்த அதன் வாசகத்தை எழுத்து எழுத்தாகப் படித்து வெளியிட்டது. பிறகு பல ரகங்களின் பால் பிடித்த மணிகளிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். மரபணுவைப் பார்த்துச் செல் எழுதிக்கொள்ளும் நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலில் வேண்டாத இடைப்பகுதிகள் இருக்கும்; அவை இன்ட்ரான்கள். அவற்றை வெட்டி எறிந்து, வேண்டிய பகுதிகளை, அதாவது எக்ஸான்களை, ஒட்டிய பிறகுதான் நகல் பயன்படும். ஷாங்காய் குழு 1995-ல் சொன்னது இது: உயர் அமைலோஸ் ரகங்களில் 2,300 எழுத்து நீளமுள்ள முடித்த நகல் மட்டும் இருந்தது. குறைந்த அமைலோஸ் ரகங்களில் அதோடு 3,300 எழுத்து நீளமுள்ள இன்னொரு நகலும் சேர்ந்து இருந்தது. ஒட்டரிசியில் 3,300 மட்டும்தான்.

ஆயிரம் எழுத்து மிச்சம். முதல் இன்ட்ரானின் நீளமும் ஏறக்குறைய அதுவே. முதல் இன்ட்ரானை வெட்டும் வேலை சரியாக நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஜி போய் டி வந்த இடம்

இன்ட்ரானை எங்கே வெட்ட வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? தொடக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. தாவரமோ விலங்கோ, ஏறக்குறைய எல்லா இன்ட்ரானும் ஜி, டி என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். உயர் அமைலோஸ் நெல்லில் முதல் எக்ஸான் முடியும் இடத்தையும் இன்ட்ரான் தொடங்கும் இடத்தையும் சேர்த்துப் படித்தால் ஏ-ஜி-ஜி-டி என்று இருக்கிறது. கோஷிஹிகாரி போன்ற நெல்லில் ஏ-ஜி-டி-டி. இன்ட்ரானின் முதல் எழுத்தான ஜி, டி ஆகிவிட்டது. நெல்லின் மரபுத்தொகுதியில் சுமார் 40 கோடி எழுத்துகள். அதில் இந்த ஒன்று.

வெட்டும் இயந்திரம் அடையாளத்தைத் தேடி வருகிறது, கிடைக்கவில்லை. பல தடவை வெட்டாமலே விட்டுவிடுகிறது. சில தடவை பக்கத்தில் ஏறக்குறைய அதே போலத் தெரியும் இடத்தில் வெட்டிவிடுகிறது. 1998-ல் ஷாங்காய் குழுவும் ஜப்பானியக் குழுக்களும் இதைத் தனித்தனியாக நிறுவின.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. தப்பான இடத்தில் வெட்டினால் புரதமே தாறுமாறாக வர வேண்டும். பொதுவாக அப்படித்தான் நடக்கும், பல பரம்பரை நோய்களுக்கு அதுதான் காரணம். ஆனால் வேக்ஸி மரபணுவில் புரதத்துக்கான வாசகம் தொடங்குவது இரண்டாவது எக்ஸானில். முதல் எக்ஸான் வெறும் முன்னுரை. அதனால் முன்னுரையின் கடைசியில் நாலு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் வாசகம் கெடுவதில்லை. வெட்டப்படாத நகல்கள் வீணாகின்றன, ஏதோ ஓரிடத்தில் வெட்டப்பட்டவை நல்ல நொதியைத் தருகின்றன. விளைவு: நொதி ஒன்றே, அளவு குறைவு. மடை பாதி திறந்து நின்ற காரணம் இதுதான். இந்த மாற்றம் வேறெந்த எக்ஸானின் ஓரத்தில் விழுந்திருந்தாலும் இவ்வளவு மென்மையான விளைவு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்குத் துணைச் சாட்சி ஒன்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜப்பானிகா நெல்லில் அமைலோஸை இன்னும் குறைக்கும் சில மாற்ற ரகங்கள் முன்பே தெரிந்திருந்தன. அவற்றின் கோளாறு வேக்ஸியில் இல்லை, வேறு மரபணுக்களில் இருந்தது. அவற்றில் ஒன்றான டியூ1-ஐ 2007-ல் அடையாளம் கண்டபோது, அது ஆர்.என்.ஏ. வெட்டும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்று தெரிந்தது. ஏற்கெனவே அடையாளம் மங்கிய இடத்தில் கத்தரியும் மழுங்கினால் வெட்டு இன்னும் குறையத்தானே செய்யும்!

டெக்ஸாஸில் நடந்த சரிபார்ப்பு

ஒன்றிரண்டு ரகத்தில் பார்த்ததை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. அமெரிக்காவில் அதுவரை முக்கியமாகப் பயிரான 92 நெல் ரகங்களை எடுத்து, டெக்ஸாஸ் விஞ்ஞானிகளை உள்ளடக்கிய ஒரு குழு 1997-ல் இந்த இடத்தைப் படித்துப் பார்த்தது. 18% அல்லது அதற்குக் குறைவான அமைலோஸ் உள்ள எல்லா ரகங்களிலும் டி இருந்தது. அதற்கு மேல் உள்ள எல்லாவற்றிலும் ஜி இருந்தது. ஒட்டரிசியைத் தவிர்த்த 89 ரகங்களின் அமைலோஸ் வேறுபாட்டில் ஏறத்தாழ 80%-ஐ இந்த ஓர் எழுத்து மட்டுமே விளக்கிவிட்டது.

பயிர்க் குணங்களைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். விளைச்சல், உயரம், வறட்சி தாங்குவது போன்றவற்றில் ஒரு மரபணு ஐந்தாறு சதவீதத்தை விளக்கினாலே கட்டுரை எழுதுவார்கள்.

மீதமுள்ள பங்கும் சும்மா இருக்கவில்லை. ஜி உள்ள ரகங்களுக்குள்ளேயே 20 முதல் 25% வரை நிற்கும் நடுத்தரக் கூட்டம் தனி. அவற்றில் ஆறாவது எக்ஸானில் ஏ என்ற எழுத்து சி ஆகியிருக்கிறது. இங்கே நொதியின் அளவு மட்டும் பிரச்சினையில்லை. நொதியின் உடம்பிலேயே ஓர் அமினோ அமிலம், டைரோசின் இருந்த இடத்தில் செரின், மாறிவிடுகிறது. பத்தாவது எக்ஸானில் இன்னொரு மாற்றம், உயர் அமைலோஸ் ரகங்களுக்குள் சோறு எவ்வளவு கெட்டியாக இறுகும் என்பதோடு தொடர்புள்ளது. ஜப்பானில் கோஷிஹிகாரியை ரசாயனத்தால் மாற்றி எடுத்த மில்க்கி குவீன் என்ற ரகத்தில் நாலாவது எக்ஸானில் ஓர் எழுத்தும் ஐந்தாவது எக்ஸானில் ஓர் எழுத்தும் வேறு. அமைலோஸ் கோஷிஹிகாரியைவிடவும் குறைவு, ஆறிய பிறகும் மென்மை போகாது. கட்டுச்சோறு கொண்டுபோகும் ஊரில் அந்தக் குணத்துக்குக் கிராக்கி.

அமைலோஸ் அளக்கும் முறையையும் சொல்ல வேண்டும், இத்தனை எண்களும் அதிலிருந்து வருபவை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர் பியன்வெனிதோ ஜூலியானோ 1971-ல் எளிமைப்படுத்திக் கொடுத்த முறை அது. 100 மில்லிகிராம் அரிசி மாவில் கொஞ்சம் ஆல்கஹாலும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துக் கொதிநீரில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். மாவு கரைந்து தெளிந்த கூழாகும். அதை நீர்க்கச் செய்து, அசெட்டிக் அமிலம் சேர்த்து, அயோடின் விட்டு, 620 நானோமீட்டர் ஒளியில் நீலத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். என் தட்டில் கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிந்த பொன்னியும் கோஷிஹிகாரியும் இந்தக் கருவியில் பிரிந்துவிடும். கண்ணுக்கு நீலம் என்றால் நீலம்தான். எத்தனை நீலம் என்பதைக் கருவிதான் சொல்லும்.

குளிரில் வெட்டு கூடுகிறது

டி எழுத்து உள்ள நெல்லுக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது, அது பருவநிலையைப் பார்த்து நடந்துகொள்கிறது. மணி முற்றும் காலத்தில் குளிர் இருந்தால் அந்த மங்கிய அடையாளத்திலும் வெட்டு நன்றாக நடக்கிறது. நொதி கூடுகிறது, அமைலோஸ் ஏறுகிறது. வெப்பம் கூடினால் வெட்டு குறைந்து அமைலோஸ் இறங்குகிறது. ஜி உள்ள நெல்லில் அடையாளம் தெளிவாக இருப்பதால் இந்த ஆட்டம் மிகக் குறைவு.

ஜப்பானின் வடகோடியில் ஹொக்காய்டோ. அங்கே விளைந்த அரிசிக்கு நெடுங்காலம் நல்ல பெயர் இல்லை. குளிர்ந்த கோடையில் அமைலோஸ் ஏறி, சோறு கெட்டியாகப் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். அங்குள்ள நெல் விஞ்ஞானிகள் தலைமுறைக் கணக்கில் பாடுபட்டார்கள். 1988-ல் வந்த கிராரா 397 அந்த அவப்பெயரைக் கொஞ்சம் துடைத்தது. பிறகு வந்த யுமேபிரிக்காவில் அமைலோஸைக் குறைக்கும் இன்னொரு மரபணுவையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று அது விலை கூடிய அரிசிகளில் ஒன்று. ஒரே மரபணு வடிவம், கோஷிஹிகாரிக்குப் பேர்போன நீகாட்டாவில் புகழையும் ஹொக்காய்டோவில் தலைவலியையும் தந்திருக்கிறது. மரபணுவை மட்டும் படித்துவிட்டு அரிசியின் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

மக்கள் கையால் தேர்ந்தது

காட்டு நெல்லில் ஜி. ஆப்பிரிக்க நெல்லிலும் ஜி. ஆக டி என்பது ஆசிய நெல்லில் பின்னால் வந்தது. ஒட்டரிசியில் இந்த டி-யோடு, இரண்டாவது எக்ஸானில் 23 எழுத்துகள் இரட்டிப்பாக எழுதப்பட்ட கோளாறும் பெரும்பாலும் சேர்ந்து இருக்கிறது. அந்த இரட்டிப்பு வாசகத்தைப் பாதியிலேயே முடித்துவிடுகிறது. நொதி உண்டாகவே முடியாது. ஏற்கெனவே பாதி மூடிய மடையை யாரோ முழுக்க அடைத்தது போல.

2002-ல் ஆல்சன், புருகணன் இருவரும் ஆசியா முழுவதிலுமிருந்து 105 நாட்டு ரகங்களைப் படித்து, ஒட்டரிசி தென்கிழக்கு ஆசியாவில் ஒரே ஓரிடத்தில் தோன்றிப் பரவியது என்று காட்டினார்கள். 2006-ல் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. டி எழுத்தைச் சுற்றி 2,50,000 எழுத்துகளுக்கும் மேல் நீளமான பகுதியில் ரகத்துக்கு ரகம் வேறுபாடு வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. ஒரு குணத்தை மக்கள் விடாப்பிடியாக, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து விதை எடுத்தால் அதன் அக்கம்பக்கமும் கூடவே இழுத்துவரப்படும். அந்தத் தடம்தான் இது. டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில், அடுத்த போகத்துக்கு இந்தக் கதிரையே வைப்போம் என்று ஒதுக்கி வைத்த கைகளின் தடம். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு விதைக் கோட்டை கட்டிப் பரண்மேல் வைத்த என் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள்.

விளைச்சலும் வாயும்

1966-ல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்த ஐ.ஆர்.8 பஞ்சத்தைத் தள்ளி வைத்த நெல். ஆனால் அரிசி நடுவில் வெள்ளை பூத்து இருந்தது, அமைலோஸ் அதிகம், ஆறினால் சோறு விறைத்தது. வயிற்றை நிறைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே மக்கள் முகம் சுளித்தார்கள். அதே நிறுவனத்தில் குர்தேவ் குஷ் தலைமையில் உருவான ஐ.ஆர்.64, 1985-ல் வந்தது. நடுத்தர அமைலோஸ், நல்ல பதம். பல நாடுகளில் உழவர்கள் பல ஆண்டுகள் அதை விடவே இல்லை. நம்மூர்ப் பொன்னியின் கதையும் இதோடு தொட்டுக்கொண்டதுதான். மலேசியாவில் மசூரி என்ற பெயரில் பிறந்த அந்த நெல், இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் கலந்ததால் வந்தது. பெற்றோரில் ஒன்று தைவானின் தைச்சுங் 65.

சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இந்த மரபணு வேறு ஒரு முகம் காட்டுகிறது. சாப்பிட்ட சோறு எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது என்பதைக் கிளைசீமிக் குறியீடு என்பார்கள். 2011-ல் மெலிசா ஃபிட்ஸ்ஜெரால்டும் உடன் ஆய்வாளர்களும் 235 ரகங்களை அளந்தார்கள். குறைந்தது 48, கூடியது 92, சராசரி 64. இந்த வேறுபாட்டைப் பெரிதும் நிர்ணயிப்பது எது என்று தேடியபோது மறுபடியும் வேக்ஸிதான் வந்து நின்றது. அமைலோஸ் கூடினால் செரிமானம் மெதுவாகிறது. அரிசி என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கூடாது என்று ஒதுக்குவதும், எல்லாவற்றையும் அளவில்லாமல் சாப்பிடுவதும் இரண்டுமே தவறு என்று நான் நினைப்பது இதனால்தான். எந்த ரகம், எப்படி வேகவைத்தது, எவ்வளவு போட்டுக்கொண்டது என்ற மூன்றும் சேர்ந்துதான் கணக்கு.

ஓர் எச்சரிக்கை. அமைலோஸ் ஒன்றே பதம் என்று நினைத்துவிடக் கூடாது. அரிசி எந்த வெப்பத்தில் வேகத் தொடங்குகிறது என்பதை ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணு முக்கியமாக நிர்ணயிக்கிறது. அது அமைலோபெக்டின் கிளைகளின் நீளத்தை மாற்றுகிறது. வேக்ஸி இருக்கும் அதே 6-ஆவது குரோமோசோமில் கொஞ்சம் தள்ளி இருப்பதால் இரண்டும் அடிக்கடி கைகோத்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இதைச் சோதிக்க ஆறு அரிசியை 1.7% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 23 மணி நேரம் போட்டு வைப்பார்கள். சீக்கிரம் வேகும் ரகம் கரைந்து மேகம் போலப் பரவிக் கிடக்கும். தாமதமாக வேகும் ரகம் போட்டபடியே கிடக்கும். அடுப்பே இல்லாமல் அரிசியின் வேகும் குணத்தைப் பார்த்துவிடலாம்.

ஒரே கதிரில் நாலு வகை

கடைசியாக ஒரு சிக்கல். 1990-களில் தென்னிந்தியாவில் கலப்பின நெல் வந்தபோது விளைச்சல் கூடியது, ஆனால் சோறு ஒட்டுகிறது என்ற புகார் பரவலாக எழுந்தது. வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். உழவர்கள் பலர் ஒரு போகத்தோடு கைவிட்டார்கள். உதிரிச் சோறு பழகிய வாய்க்கு அது சேரவில்லை.

கலப்பின நெல்லில் தரம் ஏன் இவ்வளவு வம்பு செய்கிறது என்பதற்கு அரிசி மணியின் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. நாம் தின்னும் வெள்ளைப் பகுதியில் மரபணு இரண்டு பிரதி இல்லை, மூன்று பிரதி இருக்கும்; இரண்டு தாய்வழி, ஒன்று தந்தைவழி. உழவர் வயலில் நடுவது முதல் தலைமுறைக் கலப்புச் செடி. அதன் கதிரில் விளையும் மணிகள் இரண்டாம் தலைமுறை. பெற்றோரில் ஒன்றில் ஜி வடிவமும் மற்றதில் டி வடிவமும் இருந்திருந்தால், ஒரே கதிரில் ஜி மூன்று உள்ள மணி, இரண்டு உள்ள மணி, ஒன்று உள்ள மணி, ஒன்றுமே இல்லாத மணி என நான்கு வகையும் கலந்து வரும். ஒரே மூட்டை, ஒரே பானை, ஆனால் பருக்கைக்குப் பருக்கை வேகும் விதம் வேறு. சராசரி அமைலோஸ் எண் காகிதத்தில் அழகாக இருக்கும், பானையில் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருக்கும்.

இன்று இதற்கு வழி இருக்கிறது. நாற்றங்காலில் இருக்கும் செடியின் இலையில் ஒரு துண்டு போதும். அந்த ஓர் எழுத்து ஜி-யா டி-யா, ஆறாவது எக்ஸானில் ஏ-வா சி-யா என்று பூப்பதற்கு வெகுமுன்பே படித்துவிடலாம். இரண்டு பெற்றோரிலும் ஒரே வடிவம் இருக்கும்படி தேர்ந்து கலந்தால் கதிர் முழுக்க வேக்ஸி ஒரே சீராக இருக்கும். மரபணுத் திருத்தம் கைவந்த பிறகு, சீன ஆய்வகங்களில் வேக்ஸியின் வாசகத்தைத் தொடாமல் அதற்கு முன்னுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் சிறு வெட்டுகள் போட்டு, அமைலோஸைப் படிப்படியாக இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா 2025 மே மாதம் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல்களில் ஒன்றான டி.ஆர்.ஆர். தன் 100, சம்பா மசூரியிலிருந்து எடுத்தது. அதில் திருத்தியது கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேறொரு மரபணுவை. வேக்ஸியில் கை வைக்கவில்லை. சம்பா மசூரியை மக்கள் தேடி வாங்குவதே அதன் சோற்றுக்காகத்தான்.